அம்மன் எலுமிச்சை புளிக்குமா?

போன வருடம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் ஆரம்பித்தது இந்தக் கூத்து. மலேசியாவில், கேமரன் மலையில், பிரிஞ்சாங் டவுனைத் தாண்டி உள்ளே வந்தால் தேயிலைக்கு நடுவில் நாலு லைன் வீடுகள், ஒரு தொழிற்சாலை, ஒரு கோயில். அவ்வளவுதான் எங்கள் தோட்டம். தொழிற்சாலையில் தேயிலைத் தூள் சலிப்பது என் வேலை. ஆனால் யாராவது கேட்டால் கோயில் சமையல் என்றுதான் சொல்வேன். வெள்ளிக்கிழமைப் பொங்கலும் திருவிழா அன்னதானமும் பதினைந்து வருடமாக என் கையில்தான். அதனால் எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். இதைப் படித்தால் வீட்டுக்காரர் "கொஞ்சமா?" என்று கேட்பார்.

அன்னதானம் முடிந்ததும் எச்சில் இலை, மிஞ்சிய சோறு, காய்கறித் தோல் எல்லாவற்றையும் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் கொட்டுவதுதான் அதற்கு முன்பெல்லாம் எங்கள் வழக்கம். பள்ளத்துக்கு அடியில் ஓடை. அந்த ஓடைத் தண்ணீரை நம்பிக் கீழே காய்கறித் தோட்டங்கள். புகார் மேல் புகார் வந்து, ஒரு நாள் எங்கள் மேனேஜர் துரையே கோயில் கூட்டத்துக்கு வந்துவிட்டார். இனிமேல் பள்ளத்தில் குப்பை விழுந்தால் அன்னதானத்தை டவுன் மண்டபத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அம்மன் இங்கே, சோறு அங்கேயா?

வழி சொன்னவள் என் மகள். ஈப்போவில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள், குப்பையிலிருந்தே அடுப்புக்கு கேஸ் எடுக்கலாம் என்றாள். திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்துக்காரர் தூக்கிப் போட்டிருந்த பெரிய தண்ணீர்த் தொட்டி கிடைத்தது. குளிர் படாமல் இருக்க அதைச் சுற்றிக் கூடாரம் போட்டோம். அந்தப் பிளாஸ்டிக்கும் பழைய பூந்தோட்டக் கூரையிலிருந்து கழற்றியதுதான். வருகிற கேஸைப் பிடித்து வைக்க மூன்று லாரி டயர் டியூப். ஆக, குப்பையை வாங்கிக்கொள்ள வந்த தொட்டியே குப்பையிலிருந்து பிறந்ததுதான்.

"தொட்டிய ஒரு வயிறுன்னு நெனச்சுக்கம்மா. தினமும் கொஞ்சம் கொஞ்சமா போட்டா, செரிச்சு காத்து விடும்" என்றாள்.

"உங்கப்பா மாதிரியா?" என்று கேட்டேன். லைனே சிரித்தது.

அவள் போகும்போது ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினாள். சோப்புத் தண்ணீர் கூடாது. எலும்பு கூடாது. புளிப்பு அதிகம் கூடாது. நானும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக மதித்தேன். ரசம், மோர் எதையும் தொட்டிக்குப் பக்கத்திலேயே விடவில்லை.

ஒன்றரை மாதத்தில் டியூப் மூன்றும் கும்மென்று ஊதி நின்றன. முதல் முறை அடுப்பு பற்றியபோது பெண்கள் குலவை போட்டார்கள். காலையில் பார்த்தால் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பது போய் "டியூப் ஊதியிருக்கா?" என்று கேட்பதாகிவிட்டது. துரைக்கும் விஷயம் போனது. திருவிழா முடிந்து ஒரு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வருவதாகச் சொன்னார். அடுப்பு எரிந்தால் தொட்டியும் இருக்கும், அன்னதானமும் கோயிலிலேயே இருக்கும். எரியாவிட்டால் அந்தக் கூடாரத்தை உரம் வைக்க எடுத்துக்கொள்வார்கள், சோறு டவுனுக்குப் போய்விடும். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "வாங்க தொரை, பால் காய்ச்சியே தர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் ஒரு ஆள் எனக்குக் கண்ணில் விழுந்த தூசியாக இருந்தார். தேயிலை வெட்டும் மிஷின் பிடிக்க நேப்பாளத்திலிருந்து வந்தவர், நாற்பது வயதிருக்கும். வேலை முடிந்ததும் கோயில் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார். தொட்டியைப் பார்ப்பார், டியூபைப் பார்ப்பார், தனக்குத் தானே சிரித்துக்கொள்வார். நம் வேலையை ஒருவன் சும்மா நின்று பார்த்துச் சிரித்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். இரண்டு முறை விரட்டினேன். மூன்றாம் நாளும் வந்து நின்றார்.

திருவிழா முடிந்த மறுநாளுக்கு வருகிறேன். கோயில் முழுக்கப் பூஜையில் மிஞ்சியவை. அம்மனுக்குச் சாத்திய எலுமிச்சை மாலைகள், திருஷ்டிக்கு நசுக்கிய எலுமிச்சை, அண்டா அண்டாவாக மஞ்சள் தண்ணீர், கட்டுக்கட்டாக வேப்பிலை. மலைக் குளிரில் வேம்பு வளராது, அதனால் ஈப்போவிலிருந்து வரவழைத்த வேப்பிலை அது. சாமிக்குச் சாத்தியதைக் கால் மிதிக்கிற இடத்தில் போடக் கூடாது, ஓடுகிற தண்ணீரில்தான் விடவேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஓடைக்குத்தான் தடை போட்டாயிற்றே. எனக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. எல்லாவற்றையும் தொட்டியில் போட்டுவிட்டால்? கால் படாது, ஓடையும் கெடாது, அம்மன் மேனியில் கிடந்தது அவளுக்கே அடுப்பாக எரியும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு, பெண்களை வரிசையாக நிற்க வைத்துக் கூடை கூடையாகக் கொட்டச் சொன்னேன்.

வேலிப்பக்கமிருந்து அந்த ஆள் ஓடி வந்தார். "அக்கா, லீமாவ் வேணாம்! ஜாங்கான்!" என்றார். லீமாவ் என்றால் மலாயில் எலுமிச்சை. ஜாங்கான் என்றால் வேண்டாம், செய்யாதே.

"யோவ், சாமி காரியத்துல கை வைக்காத. போ, போய் வேலையப் பாரு" என்று கரண்டியைத் தூக்கினேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார், கரண்டியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சுவரில் மகள் எழுதிய தாள் என் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது. புளிப்பு அதிகம் கூடாது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. புளிப்பு என்றால் ரசம், மோர். அம்மன் எலுமிச்சை புளிக்குமா என்ன?

நாலாம் நாள் ஒரு டியூப் தொங்கிப் போனது. ஆறாம் நாள் மூன்றும் காய்ந்த அவரைக்காய் மாதிரி சுருங்கிக் கிடந்தன. அடுப்பைப் பற்ற வைத்தால் தீக்குச்சிதான் எரிந்தது. தொட்டி வாயைத் திறந்தேன், குமட்டிக்கொண்டு வந்தது.

அப்போதே நாலு பேரிடம் சொல்லியிருக்கலாம். மகளுக்காவது போன் போட்டிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. துரையிடம் சவால் விட்டவள், கரண்டியைத் தூக்கி ஆளை விரட்டியவள், எந்த முகத்தோடு சொல்வேன்? பிரிஞ்சாங் கடைக்குச் சொல்லி ஒரு கேஸ் தோங், அதாவது சிலிண்டர், வரவழைத்து, சாக்குப் போட்டு மூடி, அடுப்புக் குழாயை அதில் மாட்டினேன். வெள்ளிக்கிழமைப் பொங்கல் ஜாம் ஜாமென்று பொங்கியது. தீயை வீடியோ எடுத்து மகளுக்கும் அனுப்பினேன். பெற்ற மகளிடமே பொய் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் டியூபை எப்படி மறைப்பது? போகிறவர் வருகிறவர் கண்ணெல்லாம் அதில்தான் இருந்தது. ஒன்பதாம் நாள் விடிந்தும் விடியாத பனியில், வீட்டுக்காரருடைய மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனேன். முதல் டியூபில் மாட்டி மிதிக்க ஆரம்பித்தேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் மிதித்த மிதிக்குப் பாதி டியூப் நிமிர்ந்துவிட்டது. சரி, எரிகிறதா என்றுதான் பார்ப்போமே என்று குழாயை மாற்றி மாட்டி, தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன்.

"அக்காஆஆ!"

வேலைக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டு, வேலியைத் தாண்டிக் குதித்து வந்தார் அந்த நேப்பாளத்துக்காரர். என் கையிலிருந்த தீப்பெட்டியைத் தட்டிவிட்டார். குழாயைப் பிடுங்கி, டியூபை வெளியே இழுத்துப் போய்க் காற்றைத் திறந்துவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உள்ள கொஞ்சம் கேஸ் இருக்கு. அக்கா வெளிக்காத்து அடிச்சாச்சு. ரெண்டும் சேந்து, தீ வச்சா..." என்று சொல்லி இரண்டு கையையும் விரித்து, "பொம்!" என்றார். "எங்க ஊருல என் மச்சான் இப்டிதான் செஞ்சான். மீசை போச்சு. நல்ல வேள, ஆள் இருக்கான்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு மேலே பிளாஸ்டிக் கூரை, பக்கத்தில் சாக்குக்கு அடியில் முழு சிலிண்டர். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் என் கதை என்னவாகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நான் அழுது முடிக்கும் வரை டியூபையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் கேட்டேன், இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று. பாதித் தமிழ், பாதி மலாயில் சொன்னார். அவர் ஊர் மலையில் வீட்டுக்கு வீடு சாணித் தொட்டி இருக்கிறதாம். பதினெட்டு வருடமாக அவர் வீட்டில் அந்த அடுப்புதானாம். எங்கள் டியூபைப் பார்த்ததும் வீட்டு ஞாபகம் வந்துவிட்டதாம். தினமும் வந்து நின்று சிரித்தது அதற்குத்தான். நான் கேலி என்று நினைத்தேனே, அந்தச் சிரிப்பை.

தொட்டி வாயைத் திறந்து மோந்து பார்த்தார். "புளிச்சிட்டு" என்றார். நானும் மோந்தேன். முதல் முறை குமட்டியதில் கவனிக்கவில்லை. இப்போது தெரிந்தது, இது இட்லி மாவு அளவுக்கு மீறிப் புளித்த வாடை. உள்ளே இருந்து வேலை செய்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களை எலுமிச்சைப் புளிப்பு முடக்கியிருக்கிறது. மஞ்சளும் வேப்பிலையும் சேர்ந்து மிச்சத்தையும் படுக்கப் போட்டுவிட்டன. அம்மை வந்த உடம்பில் கிருமி அண்டாமல் இருக்கத்தானே வேப்பிலையும் மஞ்சளும்? தொட்டிக்குள் இருந்ததும் ஒரு வகைக் கிருமிதான் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

வைத்தியம் அவர் சொன்னார். மிதக்கிற எலுமிச்சையை எல்லாம் அள்ளிவிட வேண்டும். தொழிற்சாலை அடுப்புச் சாம்பலைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் புளிப்பை முறிக்க வேண்டும். புதுச் சாணி வேண்டும். பத்து நாளைக்கு ஒரு தோல்கூட உள்ளே போடக் கூடாது. கேட்டதும் சிரித்துவிட்டேன். லங்கணம் பரம ஔஷதம் என்று எங்கள் லைனில் வயிறு கெட்டவருக்கெல்லாம் நான் சொல்கிற வைத்தியம்தான் அது.

அதில்தான் சிக்கலும் இருந்தது. தினமும் காலையில் லைன் பெண்கள் வாளியில் காய்கறித் தோல் கொண்டு வருவார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும். அன்று காலை வாளியோடு வந்து நின்ற பத்துப் பன்னிரண்டு பேர் முன்னால், எலுமிச்சையிலிருந்து பம்பு வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். தலையை நிமிர்த்தவே இல்லை.

எதிர் வீட்டுக்காரி சொன்னாள்: "அக்கா, கேஸ் தோங் தூக்கிட்டுக் கடைக்காரன் மோட்டார்ல வந்தது எங்களுக்குத் தெரியாதா? அம்மனுக்கா தோங் வாங்குனீங்க?"

"அப்பவே கேட்டிருக்கலாம்லடி?"

"கரண்டி யாரு கையில இருந்துச்சு லா?"

சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனது. "கொட்டச் சொன்னது நீங்க, கொட்டுனது நாங்க எல்லாருந்தான்" என்று ஒருத்தி வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள். வலைக்கரண்டி, வடிதட்டு என்று கையில் கிடைத்ததை வைத்து எல்லாரும் எலுமிச்சையை அள்ள இறங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குப் பெயர் பம்பக்கா. இன்று வரை மாறவில்லை. மகளுக்கும் போன் போட்டுச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தால், எலுமிச்சையை மறந்து தாள் எழுதியது தன் தப்பு என்று அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

சாணிக்குக் கோலா தெர்லாவுக்குப் போனோம். அங்கே மாடு வைத்திருக்கிற தமிழ்க் குடும்பம் ஒன்று உண்டு. காய்கறி லாரி ஓட்டுகிற அண்ணனைக் கெஞ்சிக் கூத்தாடி, சனிக்கிழமை நானும் நேப்பாளத் தம்பியும் ஏறிக்கொண்டோம். ஆமாம், அதற்குள் தம்பியாகிவிட்டார். ஆறு வாளி சாணி, சுடச் சுட. திரும்பும்போது பார்த்தால் மலை முழுக்கச் சுற்றுலாக் கார்கள். திரிங்காப்பிலிருந்து வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. பக்கத்துக் காரில் ஸ்ட்ராபெரி தின்றுகொண்டிருந்த குடும்பம் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றியது. லாரி அண்ணன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, "அடுத்த தடவ பம்பக்கா எனக்கு போன் போட்டா, நான் எடுக்க மாட்டேன்" என்றார். பிரிஞ்சாங்கில் வழக்கமான சாப்பாட்டுக் கடை முன்னால் நிறுத்தியதுதான் தாமதம், கடைக்கார பாய் ஓடி வந்தார். "அக்கா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், எறங்காதீங்க. டீய நான் லாரிக்கே கொண்டாந்து தர்றேன்" என்றார். மூன்று டீயும் ஒரு தட்டு வடையும் கையை நீட்டிக் கொடுத்துவிட்டு ஓடியே போனார். அந்த வடையைச் சாணி வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து தின்றோம். அதைவிட ருசியான வடையை நான் தின்றதில்லை.

பிறகு காத்திருப்புதான். தொட்டிக்கு விரதம். நாங்கள் கூடாரத்துக்குள் சாக்கு சுற்றிக் குளிர் படாமல் காத்தோம். தம்பி தினமும் வேலை முடிந்து வந்து தொட்டியில் காதை வைத்துக் கேட்பார். வைத்தியம் ஆரம்பித்த பதினாலாம் நாள் "பேசுது!" என்றார். நானும் காதை வைத்தேன். உள்ளே குளுக், குளுக்.

துரை வருகிற நாளில் ஒரு டியூப் நிறைந்திருந்தது, இரண்டாவது பாதி, மூன்றாவது சுருங்கியே கிடந்தது. பம்பு வீட்டில் இருக்கிறதே என்று ஒரு நொடி நினைப்பு ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துரையும் இரண்டு பேரும் வந்ததும் நானே முந்திக்கொண்டேன். "தொரை, மூணும் நெறைஞ்சிருக்கணும். ஒண்ணரைதான் இருக்கு. கெடுத்தது நானு. காப்பாத்துனது இந்தத் தம்பி" என்றேன். கங்காணியிடம் கேட்டு அவரை ஒரு மணி நேரம் கூட்டி வந்திருந்தோம். தீப்பெட்டியை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் பற்ற வைத்தார். பட்டப்பகல் வெயில். அடுப்பில் ஒன்றுமே தெரியவில்லை. வந்தவர்களில் ஒருவர் குனிந்து பார்த்து, "எரியலையே" என்றார். நானும் குனிந்து பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை. தம்பி மட்டும் சிரித்தார். என் கையைப் பிடித்து அடுப்புக்கு மேலே காட்டினார்.

சூடு! இந்த கேஸ் எரிகிற நீலம் அவ்வளவு இளசு, வெயிலில் கண்ணுக்கே தெரியாது. "எரியுது! எரியுது!" என்று நான் கத்தின கத்தலில் கோயில் மணி அடித்த மாதிரி எல்லாரும் கூடிவிட்டார்கள். பால் பானையை ஏற்றினோம். பொங்கி வழிந்தபோது நாலு லைனும் சேர்ந்து "பொங்கலோ பொங்கல்" என்று கூவியது. எல்லாரையும் விடச் சத்தமாகக் கூவியது நேப்பாளத் தம்பிதான். துரை ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு, "சாப்பாடு இங்கயே இருக்கட்டும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு மாதம் செத்துப் பிழைத்தேன். அங்கேயே அழுதும்விட்டேன், சந்தோஷத்தில்.

இந்த வருடத் திருவிழாவுக்குச் சோறு விறகில் வெந்தது, பாயசம் முழுக்கத் தொட்டி கேஸில். இன்னும் இரண்டு லைனுக்குத் தொட்டி வந்துவிட்டது. அம்மன் எலுமிச்சையில் நசுங்காதது எல்லாம் ஊறுகாய்க்குப் போகிறது. மற்றதுக்கும் வேப்பிலைக்கும் கால் படாத மேட்டில் ஒரு குழி வெட்டி, மேலே செம்பருத்தி வைத்திருக்கிறோம். தம்பி ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். மாதம் ஒரு முறை போன் வரும். எடுத்ததும் என்னை நலம் விசாரிக்க மாட்டார், "அக்கா, வயிறு நல்லாவா?" என்றுதான் கேட்பார்.

எனக்கு வாய் இன்னும் நீளம்தான், கரண்டியும் கையில்தான் இருக்கிறது. ஆனால் கோயில் வேலியோரம் இப்போது ஒரு முக்காலி போட்டு வைத்திருக்கிறேன். யாராவது சும்மா நின்று நான் செய்கிற வேலையைப் பார்த்துச் சிரித்தால், உட்கார வைத்து, ஒரு டீயைக் கொடுத்து, "நான் என்ன தப்பு பண்றேன், சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கூடையைத் தூக்குகிறேன்.